பதிலி போட்ட கையெழுத்து

வெண்மணி கூப்பிட்டபோது தளவாய் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மாநாட்டு வரவேற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தார். மின்வாரிய ஊழியர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர். திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் சாதி ஒழிப்பு மேடை எதுவானாலும் அவர் பெயர் நோட்டீஸில் இருக்கும். நிலமில்லாத கூலிகள் குடிசையோடு எரிக்கப்பட்ட ஊரின் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருந்தார்.

"அப்பா, நானும் எட்வினும் பதிவு ஆபீஸ்ல நிக்கோம். கல்யாணத்துக்குத் தேதி வாங்க வந்தோம். தர முடியாதுங்காங்க. பொண்ணோட அப்பா ஆட்சேபம் குடுத்திருக்காராம்."

"நானா? என்னம்மா சொல்லுத?"

"ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுனாங்கப்பா. கீழ ஒங்க கையெழுத்து இருக்கு."

"நான் எதுலயும் கையெழுத்து போடல."

"ஒங்க பதிலி போட்டிருக்கு."

தளவாய் பேனாவை மூடினார். மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எட்வினோட அப்பாவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா. நீங்க எழுதுனதுனால."

பதிலி என்று ஒன்று வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் மாநில அரசு, மின்னணுக் கையெழுத்தும் மையில் போட்ட கையெழுத்தும் ஒன்றே என்று சட்டம் கொண்டுவந்தது. மின்னணு முறையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஆவணத்தையும் யாரும் செல்லாது என்று சொல்லக் கூடாது. பிறகு அதில் ஒரு திருத்தம். ஒருவர் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டு, அவர் என்ன முடிவெடுப்பாரோ அதையே எடுத்து, அவர் பெயரில் ஒப்பமிடும் மென்பொருளுக்கும் அதே மதிப்பு உண்டு. மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டையும் அரசுப் பதிவும் இருந்தால் போதும். ரேஷன் கடை, பள்ளிச் சேர்க்கை, பட்டா மாறுதல் என்று எதற்கும் வரிசையில் நிற்க வேண்டாம். கம்பத்தில் ஏறுகிற தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி மிச்சம் என்று தளவாயின் சங்கமே அந்தத் திருத்தத்துக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் தளவாய்தான்.

ஆட்சேப மனுவின் நகலை வெண்மணி அனுப்பியிருந்தாள். 'என் மகள் நிர்ப்பந்தத்தின் பேரில் இத்திருமணத்துக்கு இணங்கியிருக்கிறார் என அஞ்சுகிறேன். மணமகன் குடும்பத்தாரை விசாரித்து, உண்மை தெரியும்வரை பதிவை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்.' அவர் நடைதான். நீளமாகப் போகாத வாக்கியங்கள். வேறு யாரோ எழுதியதென்று ஒரு சொல்லைக்கூட அவரால் காட்ட முடியவில்லை.

சங்கத்தின் வக்கீல் ஆவுடையப்பனுக்குப் போன் செய்தார்.

"மறுப்பு விசாரணை கேக்கலாம் அண்ணாச்சி," என்றார் ஆவுடையப்பன். "ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. 'நான் போடல'ன்னு சொன்னா எடுபடாது. 'நானா இருந்தா இதப் போட்டிருக்க மாட்டேன்'னு காட்டணும். சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கு."

"அதுல என்ன சிக்கல்? என்னத் தெரியாதவன் இந்த மாவட்டத்துல உண்டா?"

"அதான் நானும் சொல்லுதேன். ஒங்களுக்கு ஜெயிக்கிறது லேசு."

வீட்டுக்குப் போனபோது கோமதி கூடத்தில் மின்விசிறியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் அவளிடமும் பேசியிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இது மிசின் செஞ்ச தப்பு," என்றார் தளவாய்.

"நான் இந்தக் கல்யாணம் வேண்டாம்னேன்," என்றாள் கோமதி. "அவ மொகத்துக்கு நேராச் சொன்னேன். அவளும் அழுதா, நானும் அழுதேன். அதோட விட்டுட்டேன். போலீசுக்கு எழுதல. நீங்க அவ தோள்ல கையப் போட்டு 'ஒனக்குப் பிடிச்சாச் சரிம்மா'ன்னிய. இப்பப் பாத்தா நான் சொன்னத ஒங்க மிசினு எழுதியிருக்கு."

"கோமதி, நான் அப்படிப்பட்ட ஆளா?"

"எனக்கு என்ன தெரியும். கூட்டத்துக்கெல்லாம் நான் வந்ததில்லையே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை எட்வினின் அப்பாவைப் பார்க்கப் போனார். ஞானதுரை மின்வாரியத்தில் லைன்மேன். தளவாயின் சங்கத்தில் ஆரம்ப காலத்திலிருந்தே உறுப்பினர். இருவரும் ஒரே வேலைநிறுத்தத்தில் கைதாகி, ஒரே கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். ஞானதுரையின் தெருவுக்கு மே தினக் கொடியேற்ற தளவாய் எத்தனையோ முறை வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், இந்த வீட்டுக்குள் நுழைவது இதுவே முதல் தடவை என்பது அவருக்கு உறைத்தது.

ஞானதுரை நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். "உக்காருங்க தோழர்."

"அடிச்சானுவளா?"

"சே, அதெல்லாம் இல்ல. உக்காரச் சொல்லல, அவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் நின்னேன். எஸ்.ஐ. எம் மவனவிடச் சின்னவனா இருப்பான். 'பொண்ண எங்கல வச்சிருக்க'ன்னான். நான் அந்தப் புள்ள எங்க வேல பாக்கு, எந்த ஹாஸ்டல்ல இருக்குன்னு எல்லாம் சொன்னேன். கேக்கவே இல்ல. கடைசீல பேப்பரக் காட்டுனான்." ஞானதுரை துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுவரைக்கும் கால் வலிச்சுது, நின்னுட்டேன். ஒங்க பேரப் பாத்த பெறகு நிக்க முடியல தோழர்."

"அது பதிலி..."

"எட்வினும் சொன்னான். எனக்கு இந்தச் சட்டமெல்லாம் பிடிபடல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. ஒங்களுக்குத் தெரியாமத்தான நடந்துச்சு?"

"சத்தியமாத் தெரியாது."

யோசிக்காமல் வந்த பதில். ஞானதுரை தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் இருந்த நிம்மதியைத் தளவாய் பார்த்தார். கிளம்பும்போது ஞானதுரையின் மனைவி ஒரு பையில் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தாள்.

திரும்புகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. ஞானதுரை கேட்டபோதே அது உள்ளே எங்கோ அசைந்திருக்க வேண்டும்.

போன மாதம், ஒரு சாதிக் கொலையைக் கண்டித்து நடந்த கூட்டம். மேடையில் உட்கார்ந்திருந்தார். அடுத்துப் பேச வேண்டியவர் அவர். மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். 'உங்கள் மகள் வெண்மணியின் திருமண அறிவிப்பு வந்துள்ளது. மணமகன் எட்வின், தகப்பனார் ஞானதுரை. உங்கள் வழக்கப்படி நடவடிக்கை எடுக்கட்டுமா?'

கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. ஆம், வேண்டாம், பிறகு.

அவர் 'பிறகு' என்பதைத் தொட்டார். பிறகு என்று தொட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பதிலியே முடிவெடுத்துக்கொள்ளும். அது அவருக்குத் தெரியும். ஊழியர்களுக்கு அதை விளக்கி வகுப்பே எடுத்திருக்கிறார். உங்கள் வழக்கப்படி என்று அது கேட்கிறதே, நம் வழக்கம் என்ன என்று அதற்குத் தெரியும் என்றும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு ஏற்பட்டது ஒரு சின்ன ஆறுதல். தூக்க முடியாத ஒன்றை வேறு யாரோ வாங்கிக்கொண்டதுபோல. பிறகு அவர் பெயரை அழைத்தார்கள். எழுந்து போய், செத்துப்போன பையனுக்காகக் குரல் உடையப் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். தளவாய் வண்டியை ஓரமாகத் தள்ளி அவர்களுக்கு வழிவிட்டார்.

மறுப்பு விசாரணை ஆட்சியர் அலுவலக வளாகத்தின் பின்புறம், பழைய கருவூலக் கட்டடத்தில் நடந்தது. விசாரித்த அலுவலரின் பெயர் சபுரா பேகம். திருச்சிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசினார். சுவர் ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் வெண்மணி, எட்வின், ஞானதுரை, கோமதி உட்கார்ந்திருந்தார்கள்.

"தளவாய் சார், உங்க பதிலி உங்ககிட்ட இருந்து விலகிப் போயிருக்குன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"ஆமா. என் வாழ்க்கையே அதுக்குச் சாட்சி."

"வாழ்க்கையைத்தான் பாக்கப்போறோம். அது உங்க பேச்சைக் கேட்டுக் கத்துக்கல. நீங்க செஞ்சதைப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கு. அதுல சிலதைக் கேக்கறேன், விளக்கம் சொல்லுங்க." அவர் திரையைப் பார்த்தார். "மாடி வீட்டை வாடகைக்கு விட்டீங்க. ஒரு டீச்சர் வந்து பாத்திருக்காங்க. அவங்க ஊரும் தெருவும் விசாரிச்ச பிறகு, சொந்தக்காரங்க வர்றாங்கன்னு சொல்லிட்டீங்க. ஆனா சொந்தக்காரங்க யாரும் வரல."

"அப்ப வர்றதா இருந்தாங்க. பெறகு வரல."

"சரி. மகளுக்கு வரன் பாக்கச் சொல்லி, அவங்களுக்குத் தெரியாம பதிலியை ஒரு திருமணத் தளத்துல பதிய வச்சிருக்கீங்க."

பெஞ்சில் வெண்மணி நிமிர்ந்தாள்.

"அது... கோமதிக்காக."

"அங்க 'சாதி தடையில்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை டிக் பண்ணவான்னு பதிலி கேட்டிருக்கு. வேண்டாம்னுட்டீங்க."

"வீட்டம்மா விருப்பம்னு ஒண்ணு இருக்குல்லா."

அந்தத் தளத்தைப் பற்றிக் கோமதி இப்போதுதான் கேள்விப்படுகிறாள் என்பது தளவாய்க்குத் தெரியும். அவள் நினைத்திருந்தால் அங்கேயே சொல்லியிருக்கலாம். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

போகாமல் விட்ட வீட்டு விசேஷங்கள், சாப்பிடாமல் திரும்பிய விருந்துகள் என்று சபுரா பேகம் இன்னும் சிலவற்றைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தளவாயிடம் விளக்கம் இருந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. சர்க்கரை நோய், நேரமின்மை, மனைவி, அக்கம்பக்கம். வரிசையாகச் சொல்லி வரும்போது தன் குரலே அவருக்குக் கூசியது. பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் இருக்க, மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா." வெண்மணிதான் எழுந்து நின்றாள். "மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல. எனக்கு இந்தப் பேரை வச்சவர் அவர். பள்ளிக்கூடத்துல சாதி எழுதுற இடத்துல கோடு போடச் சொன்னவர் அவர். இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். இத வச்சு ஒரு மனுசன எடை போட்டா யாருமே தேற மாட்டாங்க."

"உக்காருங்கம்மா," என்றார் சபுரா பேகம் மென்மையாக. "உங்க அப்பாவை எடை போட எனக்கு அதிகாரம் இல்ல. பதிலி விலகினது நிரூபணம் ஆகலைன்னாலும் சட்டத்துல இன்னொரு வழி இருக்கு, அதுக்கு எனக்குத் தேவை ஒரே ஒரு பதில்தான்." தளவாயின் பக்கம் திரும்பினார். "ஆட்சேபம் கொடுக்கறதுக்கு முன்னால பதிலி உங்ககிட்ட அனுமதி கேட்டிருக்கு. பட்டையில அந்தச் செய்தி வந்திருக்கு, 'பிறகு'ங்கற கட்டமும் அழுந்தியிருக்கு. கூட்டத்துல கை பட்டுக்கூட அழுந்தலாம். செய்தியை நீங்க படிச்சீங்களா இல்லையாங்கறது உங்க வாய்லேர்ந்துதான் வரணும். படிக்கலைன்னா, உங்க சம்மதம் கேட்கப்படவே இல்லைன்னு ஆகும். ஒப்பம் செல்லாது. மனு முதல்லேர்ந்தே இல்லாத மாதிரி. பொண்ணு இன்னைக்கே பதிவு பண்ணிக்கலாம், ஞானதுரை மேல இருக்கற விசாரணையும் கலைஞ்சுடும்."

"படிச்சிருந்தா?"

கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தோன்றியது.

"படிச்சிருந்தா அது உங்க ஒப்பம். நீங்களே வாபஸ் வாங்கலாம். ஆனா மறுபடி அறிவிப்பு ஒட்டி, மறுபடி ஒரு மாசம் காத்திருக்கணும். விசாரணைக் கோப்புல உங்க பேர் இருக்கும். பொய்ப் புகாருன்னு உங்க மேலயும் வழக்கு வரலாம்."

வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். தளவாய் முதல்முறையாகப் பெஞ்சைப் பார்த்தார். எட்வின் வெண்மணியின் கையைப் பிடித்திருந்தான். ஞானதுரை சற்று முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, பதில் தெரிந்துவிட்ட பிள்ளை ஆசிரியரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் இவர்களுக்குத்தான் கஷ்டம் என்று தளவாய் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நியாயம் வந்து நின்ற வேகத்தைக் கண்டு அவருக்கே பயமாக இருந்தது. டீச்சருக்குச் சொன்ன சொந்தக்காரர்களும் இவ்வளவு வேகமாகத்தான் வந்தார்கள்.

"படிக்கல," என்றார். "மேடையில இருந்தேன். கை பட்டிருக்கும்."

வெண்மணி வாய்விட்டு அழுதாள். ஓடி வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஞானதுரை, "நான் அப்பமே சொன்னேம்லா," என்று எட்வினிடம் சொல்வது கேட்டது. கோமதி மட்டும் எழுந்து, யாருக்கும் காத்திராமல் வெளியே நடந்தாள்.

"நீங்க எல்லாரும் வெளியில இருங்க," என்றார் சபுரா பேகம். "சார்கிட்ட ஒரு நடைமுறை பாக்கி இருக்கு. முடிச்சுட்டு ஆணையைத் தர்றேன்."

கதவு மூடியது. அலுவலர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"விசாரணைக்கு முன்னால, கேக்கப்போற கேள்விகளைப் பதிலிக்கும் அனுப்புவோம். உன் உரிமையாளர் இதுக்கு என்ன பதில் சொல்வார்னு. அது எழுதற பதில் மூடியே இருக்கும். நீங்க வாயால சொன்ன பிறகுதான் நான் திறக்கலாம். பதிலி உங்களைவிட்டு எவ்வளவு விலகியிருக்குன்னு அளக்கறதுக்கு."

அவர் எதையோ தட்டினார். படித்தார். திரையைத் தளவாய் பக்கம் திருப்பினார்.

மற்றக் கேள்விகளுக்கு நேராகத் தளவாய் சொன்ன விளக்கங்களே இருந்தன. சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தார்கள். வீட்டம்மா விருப்பம். கடைசிக் கேள்விக்கு நேராக இரண்டு சின்ன வாக்கியங்கள் இருந்தன.

'படிக்கவில்லை என்று சொல்வார். படித்தார்.'

தளவாய் அதை இன்னொரு தடவை படித்தார். எழுத்து மாறவில்லை.

"பட்டை உங்க கண்ணைப் பாக்கும். அதனால அதுக்குத் தெரியும்," என்றார் சபுரா பேகம். "கவலைப்படாதீங்க. பதிலியோட சாட்சியம் உரிமையாளருக்கு எதிராச் செல்லாது. சட்டத்துல அதையும் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. உங்க வாய்மொழிதான் செல்லும். ஒப்பம் செல்லாதுன்னே எழுதறேன்."

"மேடம், பிள்ளைங்களுக்காகத்தான்..."

"இருக்கலாம். நானும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதறேன்." அவர் ஆணையைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தார். "இந்த நாற்காலியில உக்காந்து நிறையப் பேரைப் பாத்துட்டேன் சார். பதிலி கெட்டுப்போச்சுன்னு வர்றவங்கதான் எல்லாரும். கெட்டுப்போன பதிலி ஒண்ணைக்கூட நான் இன்னும் பாக்கல."

"நான் மாத்திச் சொல்லலாமா?"

அலுவலரின் விரல்கள் நின்றன. தளவாயை நிமிர்ந்து பார்த்தார். "நான் இதுல ஒப்பம் போடறவரைக்கும் சொல்லலாம்."

தளவாய் வாயைத் திறந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் வெண்மணி சிரிப்பது கேட்டது. அவள் சிரித்து அவர் வெகுநாள் கேட்கவில்லை. அவர் காத்திருந்தார். சபுரா பேகமும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு குனிந்து ஒப்பமிட்டு, ஆணையை எடுத்து நீட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெண்மணியும் எட்வினும் ஆணையை வாங்கிக்கொண்டு பதிவு அலுவலகத்தைப் பார்த்து ஓட்டமாகப் போனார்கள். சங்கத்திலிருந்து அதற்குள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இயந்திரத்துக்கு ஏறிய சாதி வெறி என்று தலைப்புப் போட்டுத் தோழருடைய வழக்கை மாநாட்டில் வைக்க வேண்டும், அவரே பேச வேண்டும் என்றார்கள். தளவாய் தலையாட்டினார். கோமதி தூரத்தில் நிறுத்தியிருந்த ஆட்டோவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

ஞானதுரை இரண்டு கைகளிலும் தேநீர்க் குவளைகளோடு வந்தார். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். குடிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்து தயங்குவது தெரிந்தது.

"தோழர், ஒரு வார்த்த. ஸ்டேஷன்ல ஒங்க பேரப் பாத்தப்பம் நான் மனசுக்குள்ள ரொம்ப மோசமாப் பேசிட்டேன். இத்தன வருசம் கூட இருந்துட்டு, இவரும் அவங்கள்ல ஒருத்தர்தானன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்து சத்தியமாத் தெரியாதுன்ன பெறகுங்கூட எனக்கு முழுசா நம்பிக்க வரல. இன்னைக்கித்தான் வந்துச்சு." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "என்ன மன்னிச்சிரணும்."

சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆணை பிறந்துவிட்டது, பிள்ளைகளுக்கு இனி ஒன்றும் ஆகாது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். அவருக்காக யாரும் எதையும் முடிவு செய்யவில்லை.

"பரவால்ல தோழர்," என்றார் தளவாய். "அதையெல்லாம் மனசுல வச்சுக்காதிய."